மூசையில் போடும் முன் எங்களைக் கூப்பிடுங்கள்: சேலம் வெள்ளிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு, பள்ளப்பட்டி பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், பழைய வெள்ளி வாங்கும் கடைக்காரர்களுக்கும், அடகுக்கடை முதலாளிகளுக்கும் வணக்கம்.

நான் குகைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். முப்பது வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிற நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தில் நானும் ஓர் உறுப்பினர். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். உங்கள் பிள்ளைகளில் சிலர் என்னிடம் படித்திருக்கிறார்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

உங்களிடம் தினமும் பழைய வெள்ளி வருகிறது. தேய்ந்த கொலுசு, அரைஞாண் கொடி, குங்குமச் சிமிழ், குழந்தைக்குப் பால் புகட்டிய பாலாடை. அவற்றோடு ராணி தலையும் ராஜா தலையும் போட்ட ரூபாய்களும் வருகின்றன. எடை போட்டு, டச் என்கிற வெள்ளியின் சுத்தம் பார்த்து, பணம் கொடுத்ததும் எல்லாம் ஒரே தட்டில் விழுந்து, உருக்கும் மூசைக்குப் போய்விடுகிறது. அந்த ரூபாய்களை மட்டும் தனியே ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். எங்களில் ஒருவர் வந்து பார்க்கும் வரை வைத்திருந்தால் போதும். வெள்ளிக்கு உண்டான பணத்தை அன்றைய விலைக்கு ஒரு பைசா குறையாமல் கொடுத்து எடுத்துக்கொள்கிறோம். வெள்ளியைவிட மதிப்புள்ள காசு என்று தெரிந்தால், அதை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் விலை பேசுவோம். வேண்டாம் என்று நாங்கள் ஒதுக்குவதை நீங்கள் தாராளமாக உருக்கிக்கொள்ளலாம்.

இதை எழுத வைத்தது என் வீட்டில் நடந்த ஒன்று. 1988-ல் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பாட்டியின் சுருக்குப் பையில் முப்பத்தொரு வெள்ளி ரூபாய் இருந்தது. பாட்டி இருந்தவரை அது அரிசிப் பானைக்குள் இருந்தது. பாட்டி போன பிறகு அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு வந்தது. அம்மா என்னை அழைத்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனார். "கண்ணு, எண்ணிக் குடு" என்றார். எண்ணிக் கொடுத்தேன். பட்டறைக்காரர் நல்ல மனிதர். ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்தார். கணீரென்று கேட்டது. தராசில் போட்டார், தேய்மானம் கழித்தார், கொலுசுக்கு என்ன எடை வரும் என்று சொன்னார். பிறகு எங்கள் கண் முன்னாலேயே மூசையில் கொட்டி, வெண்காரம் தூவி, ஊதுலைக்கு மேல் வைத்தார். காசுகள் முதலில் கறுத்தன, பிறகு சிவந்தன. மேலே கிடந்த ரூபாயில் ராஜாவின் தாடி சிறிது நேரம் தெரிந்தது. அப்புறம் விளிம்பு தளர்ந்து சரிந்தது. ஒரு மூச்சு விடும் நேரத்தில் முப்பத்தொன்றும் ஒன்றாகி, கண்ணாடி மாதிரி பளபளத்து நின்றது. அக்காவுக்குக் கொலுசு அமைந்தது. இன்றைக்கும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். யார் மீதும் குறை இல்லை.

ஆனால் எண்ணிக் கொடுத்த நான் ஒரு காசில்கூட என்ன வருடம் என்று பார்க்கவில்லை. பத்து வருடம் கழித்துச் சங்கத்தில் சேர்ந்து, என்ன பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பிறகுதான் அது உறுத்த ஆரம்பித்தது.

என்ன பார்க்க வேண்டும் என்று உங்களுக்கும் சொல்கிறேன். பாதி உங்களுக்கே தெரிந்த சங்கதிதான். பிரிட்டிஷ் காலத்து ரூபாய் 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. 1939 வரை அடித்த ரூபாயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்குச் சற்று மேல் வெள்ளி. 1940 முதல் பாதிதான் வெள்ளி, மீதி மட்டமான உலோகம். உங்கள் ஆட்கள் உரைகல்லில் தேய்க்காமலேயே இதைக் கண்டுபிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பாதி வெள்ளி ரூபாயின் விளிம்பு நடுவே ஒரு பள்ளம் ஓடும், அதை நகத்தால் தொட்டால் தெரியும். 1947-ல் வந்த ரூபாயில் வெள்ளியே கிடையாது. பின்பக்கம் புலி நிற்கும் நிக்கல் காசு அது. இதுவரை உங்கள் கணக்கும் எங்கள் கணக்கும் ஒன்று.

பிரிகிற இடம் வருடத்தில் இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த பின் 1911-ல் அடித்த ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அரசரின் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாக வைத்துவிட்டார். பார்க்கிறவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம் மக்களிடையே எதிர்ப்புக் கிளம்பவே அரசு வெளியிடுவதை நிறுத்திக்கொண்டு, வெளியே போகாத பெரும்பங்கை உருக்கிவிட்டது. 1912 காசில் தும்பிக்கை நீண்டு, காது தெளிந்து, யானை யானையாகவே இருக்கும். சேகரிக்கிறவர்கள் முதலதைப் பன்றி ரூபாய் என்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தால் பத்து வயதுப் பிள்ளைக்கும் வித்தியாசம் புரியும். தராசில் வைத்தால் இரண்டும் ஒரே எடைதான்.

ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் இன்னும் அரிது. முழு வெள்ளியில் அடித்த கடைசி வருட ரூபாய் அது. போர் வந்தது, வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது, அரசே பழைய ரூபாய்களைத் திரும்பப் பெற்று உருக்கியது. மிஞ்சியவை கொஞ்சம்தான். எங்கள் சங்கத்தில் ஒருவரிடமும் அது இல்லை. பாட்டியின் முப்பத்தொன்றில் அது இருந்ததா? இருந்திருக்காது என்றுதான் கணக்கு வாத்தியாராகிய எனக்குப் படுகிறது. ஆனாலும் ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

விலை உயர்ந்த காசை மட்டும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. பாரசீக எழுத்து போட்ட, வட்டம் சரியாக இல்லாத தடித்த ரூபாய்களும் உங்களிடம் வரும். எழுத்து புரியாததால் யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. ஆற்காட்டு ரூபாய் அதில் ஒரு வகை. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்தும் தன் பெயரைப் போடாமல் முகலாய அரசர் இரண்டாம் ஆலம்கீர் பெயரிலேயே வெளியிட்டது. மக்கள் நம்பிக்கை அந்தப் பெயரில் இருந்தது. தாமரைப் பூ முத்திரை இருக்கிறதா என்று தேடினால் நம்ம சென்னையில் அடித்தது என்று தெரிந்துவிடும். அங்கே தங்கசாலைத் தெரு என்ற பெயர் இன்னும் நிலைத்திருப்பதும் நாணயச்சாலையால்தான்.

பழைய பித்தளை, செம்பு எடைக்கு வாங்கும் பாத்திரக் கடைக்காரர்களையும் இதில் சேர்த்துக்கொள்கிறேன். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கம்பெனிக்குப் போகும் வரை இந்தச் சேலமும், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரமகாலும் திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தவை. அவருடைய செப்புக் காசில் ஒரு பக்கம் யானை நிற்கும். களிம்பேறிக் கறுத்து, ஓட்டைச் செம்புக்கும் உடைந்த குத்துவிளக்குக்கும் நடுவில் அது கிடந்தால் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? 1943 முதல் அடித்த ஓட்டைக் காலணாவையாவது நடுவில் துளை இருப்பதால் பிள்ளைகள் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் தொழிலுக்கும் காசுக்கும் உள்ள உறவு எங்களுக்கு உள்ளதைவிடப் பழையது. உங்கள் தாத்தா காலத்தில் ஒரு ரூபாயைத் தட்டில் போட்டுத்தான் தோலாக் கணக்கு நிறுத்தார்கள். சித்த வைத்தியர் மருந்துக்கு ரூபாய் எடை, வராகனெடை என்று சொன்னதும் காசை வைத்துத்தான். காசு மாற்றிக் கொடுத்த சராப்புக் கடைக்காரர் சோதித்துக் குத்திய சின்னச் சின்ன முத்திரைகள் சில காசுகளின் முகத்தில் இன்னும் இருக்கின்றன. உங்கள் முன்னோர் கைபட்ட அடையாளம் அது. கொலுசு செய்கிற கைகள் அந்தக் காசை அறிந்த கைகள் என்பதால்தான் கலெக்டருக்கோ மாநகராட்சிக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு காசைப் பார்த்துத் தெரிந்துகொள்வதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துப் பொன்னும் வெள்ளியும் தேடியவர்கள் கையில் கிடைத்த காசுகளைப் பாருங்கள். ரோமானியக் காசுகளோடு, 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்று தமிழ் பிராமியில் எழுதிய சேரர் காசுகளும் அங்கே வெளிப்பட்டன. அவற்றையும் எவரோ எடைக்குப் போட்டிருந்தால் சங்க காலச் சேரன் காசு அடித்தான் என்பதற்குக் கையில் என்ன இருந்திருக்கும்? 'பெருவழுதி' என்று எழுதிய பாண்டியர் செப்புக் காசைக் கண்டறிந்து சொன்னவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அவர் தொல்லியல் துறை அதிகாரி அல்ல, பத்திரிகை ஆசிரியர், காசு சேகரித்தவர். காசை எடுத்து வைத்தவரும், அதைப் படித்தவரும், படிப்பதற்கு அவருக்குத் துணை நின்ற நண்பர் வட்டமும் இல்லையென்றால் அந்த எழுத்து இன்றைக்கு இல்லை.

அந்த நண்பர் வட்டம்தான் சங்கம். எங்கள் கூட்டம் ஒன்றைச் சொன்னால் புரியும். காலை பத்து மணிக்கு மேசை போடுவோம். லாரி ஓட்டும் தம்பி ஒருவர் வருவார். குஜராத்திலிருந்து அசாம் வரை டீக்கடைச் சில்லறையில் கிடைத்ததை ஒரு மாத்திரைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரியவர் ஒருவர் பஸ் பிடித்து இறங்கி வருவார். மலை ஈரத்தில் தன் செப்புக் காசுகள் பச்சை பூத்துப்போனதால் அழுதுகொண்டிருந்தார். பிளாஸ்டிக் ஆல்பத்திலிருந்து எடுத்து அட்டை உறையில் போட்டு, மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் கூட வைக்கச் சொல்லி, காப்பாற்றிக் கொடுத்தோம். இது எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு ஆள் காசைக் கையில் வாங்கி, விளிம்பைப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டியபோது பிடிபட்டது.

போன வருடம் அம்மாப்பேட்டையிலிருந்து ஏழாவது படிக்கும் ஒரு பெண் வந்தாள். அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். ஐஸ்கிரீம் கப்பில் ஒரு ரூபாய்க் காசுகள். லென்ஸைக் கொடுத்து வருடத்துக்குக் கீழே பார்க்கச் சொன்னேன். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"சார், இதுல ஒரு நட்சத்திரம் இருக்குங்க சார்."

"அது ஹைதராபாத். வைரம் மாதிரி இருந்தா மும்பை. புள்ளி இருந்தா நொய்டா. ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தா."

அடுத்த மாதம் வந்தபோது அம்மா கடையில் ஒரு வாரம் வந்த காசையெல்லாம் நான்காகப் பிரித்து, எந்தச் சாலையில் அடித்தது எத்தனை என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதி வந்திருந்தாள். முப்பது வருடம் விழுக்காடு நடத்தியிருக்கிறேன், இவ்வளவு ஆசையாக யாரும் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. அண்ணா நூற்றாண்டுக்கு 2009-ல் வந்த ஐந்து ரூபாயைக் காட்டினேன். அதில் அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கிறது. "காசுல தமிழா!" என்று எழுந்து நின்றுவிட்டாள். நம்ம இரும்பாலையில் நாணய வில்லை, அதாவது எழுத்து அடிப்பதற்கு முந்தைய வெறும் வட்டத் தகடு, வெட்டும் பிரிவு உண்டு, அங்கே வெட்டிய எஃகு வில்லைகள் அரசு நாணயச்சாலைகளுக்குப் போயிருக்கின்றன என்று சொன்னதும், அந்த ஐஸ்கிரீம் கப்பை அவள் பார்த்த பார்வையே வேறு. தன் அம்மா கடைக்குத் திரும்பி வந்த காசு நம்ம ஊரிலிருந்தே கிளம்பியிருக்கலாம் அல்லவா.

சங்கம் தேவைப்படுகிற இன்னொரு இடம் உங்களுக்கும் பட்டிருக்கும். செல்போனில் தினம் ஒரு செய்தி வருகிறது: உங்களிடம் இந்த ஐந்து ரூபாய் இருந்தால் லட்சக்கணக்கில் பணம். பதிவுக் கட்டணம், வரி என்று முன்பணம் கேட்பார்கள், வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே போட்டு ஏமாற்றினார்கள். தாங்கள் அப்படி எதையும் வாங்குவதோ விற்பதோ இல்லை, யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று அந்த வங்கி 2021-ல் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. அதைவிடக் கொடுமை ராமர் பட்டாபிஷேகக் காசு. ஒரு பக்கம் ராமரும் சீதையும் அல்லது அனுமார், மறுபக்கம் கம்பெனி பெயரும் அரையணா என்ற எழுத்தும், 1616 என்றோ 1717 என்றோ 1818 என்றோ வருடமும் இருக்கும். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும், தெய்வசக்தி உள்ளது என்று சொல்லி இதை வைத்தே வீட்டை அடகு வைக்கச் செய்கிறார்கள். எடப்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் அப்படி ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து எங்கள் மேசைக்குக் கொண்டு வந்தார். வாங்கக் கொடுத்த பணத்தைச் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. வாங்குவதற்கு முந்தின ஞாயிறு வந்திருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் உண்மையைச் சொல்லி அனுப்பியிருப்போம். அவருக்கு நாங்கள் இருப்பது தெரியாது. உங்கள் கடைக்கோ எல்லாரும் வருகிறார்கள்.

சில விஷயங்களை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், பின்னால் சங்கடம் வரக்கூடாது. வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோதோ, உழும்போதோ மண்ணிலிருந்து பானையோடு கிடைத்த காசு என்று யாராவது கொண்டு வந்தால் நீங்களும் வாங்காதீர்கள், நாங்களும் வாங்க மாட்டோம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்துக்குக் கூடவே போய் எழுதிக் கொடுக்க எங்கள் ஆள் வருவார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு அப்படி வந்து சேர்ந்த புதையல்களால் வளர்ந்ததுதான். நூறு வருடம் கடந்த காசு சட்டப்படி தொல்பொருள், அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நாங்கள் அனுப்புகிறவர்களும் அல்ல.

இன்னொன்று, இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். எடுத்து வைக்கிற காசை விளக்காதீர்கள். புளி வேண்டாம், திருநீறு வேண்டாம், பாலிஷ் வேண்டாம், ஆசிட் தொட்டி வேண்டவே வேண்டாம். உங்கள் கண்ணுக்கு அழுக்காகத் தெரியும் அந்தக் கருமைதான் காசின் தோல். விளக்கியதும் பளபளக்கும், எங்களுக்குப் பாதி மதிப்பு போய்விடும். காசுமாலையில் கோக்கக் காது போல வளையம் ஒட்டிய ரூபாயாக இருந்தால் அதையும் பிடுங்காமல் அப்படியே வையுங்கள். ஒட்டின இடத்தைப் பிய்த்தால் எழுத்தோடு வந்துவிடும். முடிந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எந்த ஊரிலிருந்து வந்தது என்று மட்டும் எழுதிப் போடுங்கள். ஆத்தூர், மேட்டூர், வாழப்பாடி என்று ஊர்ப்பெயர் போதும். விற்றவர் பெயர் எங்களுக்கு வேண்டாம்.

உங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். இருபது வருடத்தில் மூன்று இடம் மாறிவிட்டோம். கடைசியாக இருந்த மண்டபத்தில் கல்யாண நாள் வந்தால் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிடுவார்கள். சித்திரை வெயிலில் வேப்பமரத்தடியில் காசைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறோம். ஞாயிறன்று உங்கள் சங்கக் கட்டிடத்தின் மாடி பூட்டித்தான் கிடக்கிறது. மாதத்தில் ஒரு காலை, மூன்று மணி நேரம் கொடுத்தால் போதும். மின்சாரக் கட்டணம் நாங்கள் கட்டுகிறோம், கூட்டி வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பித் தருகிறோம். பதிலுக்கு உங்கள் பட்டறைப் பையன்களுக்குப் பழைய காசை அடையாளம் காண இரண்டே வகுப்பில் சொல்லித் தருகிறேன். கட்டணம் எதுவும் இல்லை.

ஒரு பட்டறையில் இது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. தை மாதம் அந்த அண்ணன் ஒரு மைசூர்பாகு டப்பாவைக் கொடுத்தனுப்பினார். உள்ளே பதினான்கு ரூபாய். ஒன்பது விக்டோரியா, மூன்று ஐந்தாம் ஜார்ஜ், ஒரு எட்டாம்… இல்லை, ஏழாம் எட்வர்டு. அவருக்குக் கிரீடம் கிடையாது, மொட்டைத் தலை, அதனால் பார்த்ததும் தெரியும். பதினான்காவது பாரசீக எழுத்துக் காசு. பன்னிரண்டுக்கு வெள்ளி விலை கொடுத்தோம், எட்வர்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தோம். பாரசீகக் காசில் தாமரை இருக்கிறதா இல்லையா என்று இன்னும் இரண்டு கட்சியாக நின்று வாதாடிக்கொண்டிருக்கிறோம். அந்த ஏழாம் வகுப்புப் பெண் இருக்கிறது என்கிறாள். அடுத்த ஞாயிறு அந்த அண்ணனே நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் வாருங்கள். தராசை மறக்காமல் கொண்டு வாருங்கள், எங்களுடையது பழசாகிவிட்டது.